வெள்ளைத் துண்டு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. தெரு முழுக்க அவள் பினாயில் அக்காதான். தையல் ஆலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து அவள் வீட்டு முன்னறையில் விட்டுவிட்டுப் போவார்கள். அந்தத் தரையில் சோற்றைக் கொட்டி அள்ளித் தின்னலாம், அப்படி வைத்திருப்பாள். செருப்போடு படியேறினவன் தொலைந்தான். சொந்த வீட்டுக்குள் நுழையவே பாஸ் வாங்க வேண்டியிருக்கிறது என்று அவள் புருஷன் புலம்பியது ஊரறிந்த கதை.

தோளில் எந்நேரமும் ஒரு வெள்ளைத் துண்டு. சளியா, எச்சிலா, ஈரக் கையா, எந்தப் பிள்ளைக்கானாலும் அதுதான். ராத்திரி கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசி, மறுநாள் பளீரென்று தோளில் ஏற்றுவாள். துண்டு வெள்ளையாக இருக்கிறவரை அவளுக்கு ஒரு பயமும் கிடையாது. அந்தத் தைரியம்தான் கழுத்தை அறுத்தது.

அன்றைக்கு, ஆலையில் துணி வெட்டுகிறவளின் மகன் வரும்போதே வாந்தியெடுத்தான். லீவு போட்டால் வேலை போய்விடும் என்று தாய் கெஞ்சினாள். இவளுக்கு மனசு கேட்கவில்லை. பையனை மூலையில் தனிப் பாயில் போட்டாள். அவன் பேதியைக் கழுவிவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினாள். எல்லாம் செய்துவிட்டு, அவன் வாயையும் கையையும் துடைத்த அதே துண்டில் தன் கையைத் துடைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் மற்ற பிள்ளைகளின் வாயையும் அதில்தான் துடைத்தாள். துண்டில் ஒரு கறைகூட இல்லை.

அடுத்த சில நாளில் பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. தாய்மார்கள் அவற்றை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். முன்னறை வெறிச்சோடிப் போயிற்று. மிச்சமிருந்தது தங்கச்சியின் எட்டு மாதக் குழந்தைதான். தங்கச்சிக்கு அது தவமாய்க் கிடைத்த பிள்ளை. தனக்கென்று ஒன்று இல்லாத பினாயில் அக்காவுக்கும் அதுதான் உசிர்.

அதற்கும் வாந்தி, தண்ணியாய்ப் பேதி. ஆலையில் அவசர ஆர்டர் என்பதால், அக்கா இருக்கிறாளே என்ற நம்பிக்கையில் தங்கச்சி வேலைக்குக் கிளம்பினாள். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கையில் திணித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இரு என்று சொல்லித்தான் போனாள். சொன்னால் கேட்கிற ஆளா இவள்? ஒரு ஸ்பூன் கொடுத்தாள், கக்கிவிட்டது. உள்ளே போனால்தானே வெளியே வரும், வயிறு சற்று ஓய்வெடுக்கட்டும் என்று டம்ளரை மூடி வைத்துவிட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் துணி மாற்றுகிற வேலையே இல்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்தே இருந்தது. அழுகையும் அடங்கியிருந்தது. அப்பாடா என்று தங்கச்சிக்குப் போன் போட்டாள்.

"நின்னுடுச்சுடி. மத்தியானத்திலேர்ந்து ஒரு துணிகூட நனையல."

ஒண்ணுக்கும் போகலையா என்று தங்கச்சி கேட்டாள். இவளுக்குச் சுருக்கென்றது. ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உச்சிக்குழி பள்ளமாய் இறங்கியிருந்தது, கண்கள் உள்ளே போயிருந்தன. வாயைத் திறந்து அழப் பார்த்தது. சத்தமும் வரவில்லை, சொட்டுக் கண்ணீரும் வரவில்லை. ஐயோ, நிம்மதியாகத் தூங்குகிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்! செருப்புக்கூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

தங்கச்சி ஆலையிலிருந்து நேரே அங்கே வந்து சேர்ந்தாள். நரம்பு கிடைக்காமல் குத்திக் குத்தி, கடைசியில் ஒருவழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரோட்டா வைரஸ் போலிருக்கிறது என்றார் டாக்டர். கண்ணுக்குத் தெரியாதாம், கையிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு பிள்ளைக்குப் பிள்ளை தாவுமாம். உடம்பில் தண்ணீர் வற்றிப்போயிருக்கிறது, மூத்திரம் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். தங்கச்சியின் பார்வை அக்காவின் தோளுக்குப் போய் அங்கேயே நின்றது.

கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. பினாயில் அக்கா குழந்தைக்கு அடியில் கையை விட்டவள் எடுக்கவேயில்லை. காலமெல்லாம் ஈரத்தைக் கண்டால் எரிந்து விழுந்தவள், நனைச்சிடு ராசா, பெரியம்மா கையெல்லாம் நனைச்சிடு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டில் தீர்ந்து இன்னொன்று மாட்டினார்கள். துணி காய்ந்தே கிடந்தது. ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

அப்புறம் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. முதலில் அவள் நம்பவில்லை, விரலை அசைத்துப் பார்த்தாள். ஈரம்தான். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குழந்தை இமையைச் சற்றே திறந்து சிணுங்கியது. பழக்கதோஷம், தோளிலிருந்த துண்டை உருவி, அதன் வாயோரத்தைத் துடைக்கக் குனிந்தாள்.

தங்கச்சி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அதட்டவில்லை, குரல்கூட உயரவில்லை.

"வேண்டாங்க்கா. இனிமே நீ இவனத் தொடாதே."

துண்டு அப்போதும் பளீரென்று வெள்ளையாகத்தான் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்தபடியே நின்றாள்.