எதிர்த் தட்டு

கலியாண வீட்டுப் பெரிய சோற்றுக் கிடாரத்தைக் கழுவக் குனிந்தபோது என் மூச்சே திரும்பி வந்து காதில் பட்டது; சின்ன வயதில் கேட்ட ஒரு முணுமுணுப்பு நினைவுக்கு வந்தது.

தேற்றாத்தீவுக் கடற்கரையில் நாங்கள் 'சேர்' என்று கூப்பிடும் பௌதிக விஞ்ஞானி ஒருவர் கருவிகளைக் காட்சிக்கு வைத்து நடத்திய சின்ன விஞ்ஞான நூதனசாலையில், எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு குழிந்த சீமெந்துத் தட்டுகள் இருந்தன; ஆட்களோடு பேசக் கூசும் சிறுவனான நான் ஒன்றின் முன் நிற்க, மறுகோடியில் எனக்கு முதுகு காட்டியபடி மற்றத் தட்டுக்குள் அவர் முணுமுணுப்பது என் காதுக்குள்ளேயே கேட்கும்.

"மறுகா என்ன மனே, இண்டைக்கும் வாய்க்குப் பூட்டா?"

நாளைக்குப் பதில் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் ஓடிவிடுவேன்.

சுனாமி நூதனசாலையையும் சேரையும் கொண்டுபோனது. யுத்தம் முடிந்து இராணுவம் எங்களைக் கரைக்குப் போகவிட்டபோது, என் தட்டு மட்டும் மணலில் சாய்ந்து கடலைப் பார்த்தபடி இருந்தது. அதன் முன்னால் நின்றேன். அலைச்சத்தம் காதுக்குள் முணுமுணுத்தது.

"இல்ல சேர், கதைக்கிறன்" என்றேன்.