பெட்டிக்குள் பல்லி

பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். எண்பதுகளின் கடைசியில், மெட்ராஸில் ஒரு கம்பெனி கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரை வாங்கிவந்து அங்கே வைத்தேன். இனிமேல் டைப் படிக்க நாதி இருக்காது, எல்லாரும் இதைத்தான் படிப்பார்கள் என்று எனக்கு ஞானம் பிறந்திருந்தது. அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நல்லதாக இருந்தால் அவன் ஏன் விற்கிறான் என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நாளிலேயே பெட்டி சத்தம் போட ஆரம்பித்துவிட்டது.

முதலில் உறுமல். அது பின்பக்கத்து ஃபேன். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டதும் அடங்கியது. இரண்டாவது சத்தம்தான் உயிரை வாங்கியது. திடீரென்று திரை இருண்டுவிடும். பெட்டிக்குள்ளிருந்து ‘ட்ச்சு, ட்ச்சு, ட்ச்சு’ என்று வரும். அச்சு அசல் பல்லி. கொஞ்ச நேரத்தில் பெட்டி தானாகவே எழுந்து, ஒன்றும் நடக்காதது போல முதலிலிருந்து ஆரம்பிக்கும். நிஜமாகவே பல்லி புகுந்துவிட்டதோ என்று மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தூசிதான் இருந்தது.

அக்கா அப்போது எங்களோடு இருந்தாள். வாடிப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரர் கை நீட்டுகிறவர். அக்கம்பக்கத்தில் கேட்டால், கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தோம். அடி வாங்கியவளுக்குக் கோபக்காரி என்று பெயர், அடித்தவனுக்கு ஒரு பெயரும் இல்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு நாள் நான் ஸ்க்ரூடிரைவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஏண்டா, அந்தச் சத்தம் உனக்கும் கேக்குதா?”

கேட்கிறதே என்றேன்.

“அப்பச் சரி. என் காதுக்குள்ளதான் கேக்குதோன்னு இருந்தேன்.”

அப்புறம் மெதுவாகச் சொன்னாள். கடைசியாக விழுந்த அறைக்குப் பிறகு இடது காதில் மனிதர்கள் பேசுவது கேட்பதில்லை. எந்நேரமும் ஓர் இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்தால் உடைந்துபோவார், சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எனக்குப் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறியலாம் போல இருந்தது. அது என்ன பாவம் செய்தது?

அதற்குப் பிறகு சத்தத்தைத் தேடுவது இருவர் வேலையாயிற்று. ஸ்டெபிலைசரைச் சந்தேகப்பட்டுக் கழற்றிவிட்டு நேராகச் சொருகினோம். சத்தம் போகவில்லை. அக்கா மர ஸ்கேலின் ஒரு முனையைப் பெட்டியில் வைத்து, மறுமுனையை வலது காதில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பவர் சப்ளை இருக்கிற மூலையில்தான் சத்தம் என்று கண்டுபிடித்தது அவள்தான். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கண்டன்சர் வயிறு வீங்கிக் கிடந்தது. சத்தம் எப்போது வருகிறது என்பதையும் அவளே பிடித்தாள். பக்கத்து மாவு மில்லில் மோட்டார் போடும்போதெல்லாம் எங்கள் ட்யூப் லைட் ஒரு கணம் மங்கும். நமக்கு அது கண் சிமிட்டுகிற நேரம். வயசான பவர் சப்ளைக்கு அதுவே தாங்காது. எழுந்திருக்கப் பார்க்கும், முடியாமல் விழும், மறுபடி எழும். அந்தத் தவிப்புதான் ட்ச்சு, ட்ச்சு. புதுக் கண்டன்சர் வரும்வரை இப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாடிப்பட்டியிலிருந்து மாமா வந்தார். காலமாகிவிட்ட எங்கள் அம்மாவின் தம்பி, அக்காவுக்கு அந்த இடத்தைப் பேசி முடித்தவர். முன்னறையில் உட்கார்ந்து அப்பாவிடம் பேச ஆரம்பித்தார். பாடம் அடித்துக்கொண்டிருந்த நான் பெட்டியை அணைக்காமலே எழுந்து நின்றேன். திரை சுவரைப் பார்த்து இருந்ததால் அவர்களுக்கு அது கண்ணில் படவில்லை. பொட்டப்பிள்ளை எத்தனை நாள் பிறந்த வீட்டில் கிடக்கும், ஊர் வாயை மூட முடியுமா என்று வழக்கமான பாட்டுத்தான். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கடைசியில் மாமா நெஞ்சில் கை வைத்தார்.

“மாப்ள இனிமே கை நீட்ட மாட்டாரு மச்சான். நான் பொறுப்பு.”

ட்ச்சு, ட்ச்சு, ட்ச்சு.

“பாருங்க, பல்லியே சொல்லிருச்சு” என்றார் மாமா.

அப்பா விரலை மடக்கி நாற்காலிக் கையில் தட்டினார். அவருக்குப் பல்லி சொல்லில் அவ்வளவு நம்பிக்கை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்று நான் கிண்டல் செய்தால், விழுந்தாலும் அது சொன்னது சொன்னதுதான் என்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இனிமேல் சரியாகிவிடும் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று மாதக்கணக்கில் ஏங்கிக்கொண்டிருந்த மனிதர். இப்போது அவர் முகம் தெளிந்துவிட்டது. அடுத்த முகூர்த்த நாளில் கொண்டுவந்து விடுகிறேன் என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ஜன்னலோரம் நின்றிருந்த அக்கா வேண்டாம் என்று தலையசைத்தாள். மாமா நாள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மில்லில் மிளகாய் அரைத்து முடித்து மோட்டாரை நிறுத்தினார்கள். காரநெடி எங்கள் அறைவரை வந்தது. இனி மெஷினைத் துடைத்துவிட்டு அரிசியைப் போடுவார்கள். அக்கா வெளியே பார்த்தபடியே நின்றாள். ஒரு பெண் தன் தூக்குவாளியை மில்காரரிடம் நீட்டினாள். அவர் அரிசியைக் கொட்டிவிட்டு ஸ்விட்ச் இருந்த பக்கம் நடந்தார்.

அக்கா திரும்பினாள்.

“அவரு மறுபடியும் அடிப்பாரு மாமா.”

ட்யூப் லைட் மங்கியது. ட்ச்சு, ட்ச்சு, ட்ச்சு.

தட்டுவதற்கு மடங்கிய அப்பாவின் விரல் அப்படியே நின்றது. மாமா சுவரெல்லாம் பல்லியைத் தேடினார்.

“பல்லி இல்ல மாமா, தம்பியோட பெட்டி. மில்லுல மோட்டார் போட்டா அது கத்தும். யாரு என்ன சொன்னாலும் கத்தும்” என்றாள் அக்கா.

அப்பா எழுந்து அக்காவின் இடது பக்கம் போய் நின்று, மெதுவாக ஏதோ சொன்னார். அவள் மறுபடி ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் திரும்பவில்லை என்று நினைத்து அப்பா தலையைத் தொங்கப்போட்டார். எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. செய்த சத்தியத்தை அங்கேயே விட்டேன்.

“அந்தக் காது கேக்காதுப்பா. அவரு அடிச்சதுல போயிருச்சு.”

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவளைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், வலது காதருகே குனிந்து மறுபடி சொன்னார்.

“நீ எங்கயும் போக வேணாம் தாயி.”