வெள்ளை ஏறிடுச்சு

கர்வமாம் எனக்கு! ஆபரேஷன் ஆனதுலேருந்து இந்தக் கெழவி யாரையும் வாசப்படி ஏத்துறதில்லன்னு கடைசி வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியறாளாம். நீயும் கேட்டுக்கு அந்தாண்டயே நில்லும்மா, கோச்சுக்காத. நேத்து நீ தும்முனது எங்க சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு.

பெருங்குடல்ல கட்டின்னு ஒரு சாண் வெட்டி எடுத்தாங்க இல்ல? பூசணிக்காயில சொத்தைய அரிஞ்சு போட்டுட்டு மிச்சத்தக் கொழம்புல போடறமே, அந்த மாதிரி. அதோட முடிஞ்சிதுன்னு நெனச்சேன். அந்த டாக்டர் பொண்ணு, என் மருமக வயசுதான் இருக்கும், "இல்லம்மா, கண்ணுக்குத் தெரியாம புத்துநோய் அணு ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சிருக்கலாம். அதப் புடிக்கிற அணு உங்க உடம்புலயே இருக்கு. ஆனா பெரிய ஆபரேஷன் ஆனா அதெல்லாம் புண்ண ஆத்த ஓடிடும், அப்புறம் கொஞ்ச நாள் சோர்ந்து கெடக்கும்"னுச்சு.

"கார்த்திகை தீபத்தன்னைக்கு போலீசு மொத்தமும் கோயிலாண்ட நிக்கும், எங்க தெருவுல எவன் பூட்ட உடைச்சாலும் கேக்க ஆளிருக்காது, அப்படியா?"ன்னேன்.

"அதேதான்"னு சிரிச்சுது.

ஒளிஞ்சிருக்கறதுக்கு ஒரு தரம் மருந்து ஏத்துனாங்க. அதுல வெள்ளை அணு, அதான் நம்ம போலீசு, இன்னும் கம்மியாயிடுச்சு. அது ஏறுனாத்தான் அடுத்த மருந்தாம். கூட்டத்துல போகாத, சளி புடிச்சவங்கள கிட்ட சேக்காத, தண்ணியக் காய்ச்சிக் குடின்னாங்க. மருந்தத் தள்ளிப் போட்டாங்க, மறுபடியும் தள்ளிப் போட்டாங்க. இதுக்குள்ள ஒளிஞ்சிருக்கறது தலைதூக்கிடுமோன்னு மருமக தெனமும் காலண்டர்ல நாள எண்ணிக்கினு கெடந்தா. எனக்கு என்னமோ வேற யாரு வீட்டு விசயமோ மாதிரிதான் இருந்துச்சு. ஆனா இன்னைக்கு அவ ரிசல்ட்டு வாங்கப் போனதும், யாரும் கூப்பிடாமலே ரெண்டு தரம் போய்க் கதவத் தொறந்து பாத்தேன்.

அப்புறம் போன் அடிச்சா. ஒரே பஸ் ஆரன் சத்தம். "அத்தை, வெள்ளை ஏறிடுச்சு!"ன்னா. கட்டாயிடுச்சு.

மேல் ரூம்ப ஆசிரமத்துக்கு வர்ற வெள்ளைக்காரங்களுக்குத்தான விடறோம்? ஆட்டோக்காரன் இப்படித்தான் போன் பண்ணுவான், "ஆயா, வெள்ளை ஏறிடுச்சு, ரூம்பத் தொற"ன்னு. ரூம்பு சும்மாத்தான கெடக்குது, சரி, இவ வழியில யாரையோ புடிச்சிட்டான்னு நெனச்சிட்டேன். மாடி ஏறக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ஏறுனேன். பெருக்குனேன், புதுப் போர்வை விரிச்சேன், ஊதுபத்தி கொளுத்துனேன். அவங்களுக்கு அது புடிக்கும்.

பாத்தா இவ தனியா வரா.

"எங்கம்மா வெள்ளை?"

"எந்த வெள்ளை அத்தை?"

"ஆட்டோவுல ஏறுச்சே, அது!"

படியிலயே உக்காந்துட்டா. "அய்யோ அத்தை, உங்க ரத்தத்துல ஏறிடுச்சு! நாளைக்கு மருந்து போடறாங்க!" சிரிக்கறாளா அழுவறாளான்னு தெரியல. முந்தானையால மூஞ்சியத் தொடச்சு விட்டேன். "அப்ப ரூம்புக்கு ஆளு இல்லியா?"ன்னேன். "மாடி ஏறுனீங்களா நீங்க?"ன்னு அடுத்த சண்டைக்கு வந்துட்டா. எனக்கு வந்த சிரிப்புல தையல் போட்ட எடம் இன்னும் இழுக்குது.

நீ போய் அந்தக் கடைசி வீட்டுக்காரி கிட்ட சொல்லு, கெழவிக்கு கர்வம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்னு. அய்யய்யோ, நாளைக்கு எடுத்துக்கினு போவ தண்ணி வச்சேன், மூடி தடதடன்னு ஆடுது பாரு, பொங்கி அடுப்ப அணைச்சிடும், இரு...