நாலாவது பாய்

இது நடந்தது. கதை கட்டத் தெரிந்தவன் இல்லை நான். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேயை நம்பினதில்லை. மனுஷனையே நம்பாதவன்.

2004, ஆயுத பூஜை அன்று சாயங்காலம். மண்ணூரைத் தாண்டி எங்கள் ஊர். சினிமாவுக்கு இசை போட்ட தாண்டவராயன் சின்ன வயதில் குடியிருந்த வீட்டை நினைவு இல்லமாக ஆக்கினார்கள். மறுநாள் விஜயதசமிக்குத் திறப்பு. அவரே வருவதாக ஏற்பாடு.

வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. பின்கட்டில் ஒரு அறையில் நான் ஒண்டிக்கொண்டிருந்தேன். பஞ்சாயத்துத் தலைவர் பாப்பம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். விளக்கு வைப்பதற்குள் வீட்டைக் காலியாகக் காட்டினால் வாட்ச்மேன் வேலையும் அந்த அறையும் எனக்கு. இல்லாவிட்டால் அவள் கொழுந்தனுக்கு. எனக்கு வேறு போக்கிடம் கிடையாது.

முன்கட்டுக் கூடத்தில் கம்பெனிப் பையன்கள் தங்கியிருந்தார்கள். தெற்கத்திக்காரர்கள். தளவாய் காலை ஷிப்ட், இசக்கிபாண்டி மதிய ஷிப்ட், அந்தோணிராஜ் ராத்திரி ஷிப்ட். ஒருத்தன் வரும்போது இன்னொருத்தன் போவான். வார லீவும் ஆளுக்கொரு நாள். மூன்று பேரையும் ஒன்றாக நான் பார்த்ததே இல்லை.

கூடத்தில் நாலு பாய். சுவர் ஓரத்துப் பாயில் எப்போதும் ஒருத்தன் தலை மூடப் போர்த்திக்கொண்டு தூங்குவான். ஷிப்ட் முடிந்தவன் தூங்குகிறான். அதில் கேட்க என்ன இருக்கிறது?

ஆயுத பூஜைக்கு எல்லா ஷிப்டுக்கும் லீவு. தண்டலத்தில் வேறு ரூம் பார்த்திருந்தார்கள். ஐந்தரை மணிக்கு மூவரும் பையோடு வெளியே வந்தார்கள்.

"இன்னாப்பா, ஒருத்தன் இன்னும் தூங்கிகினு கீறான். எய்ப்பி இட்டுகினு போங்க," என்றேன்.

தளவாய் சிரித்தான். "அந்தோணி, ஒன் ஷிப்டு சோம்பேறிய எழுப்புலே."

"என் ஷிப்டா? ஒங்கூடக் காலைல போற ஆளுல்லா அவன்?"

இரண்டு பேரும் இசக்கிபாண்டியைப் பார்த்தார்கள். அவன் பையைக் கீழே வைத்தான்.

"ஒங்க ரெண்டு பேருல ஒருத்தனோட ஆளுன்னுல்லா நான் நெனச்சேன்."

பேர் கேட்டேன். தெரியவில்லை. முகம்? ஒருத்தனும் பார்த்ததில்லை. அவன் சாப்பிட்டு, குளித்து... அதையும் பார்த்ததில்லை.

அந்தோணிராஜ் மட்டும் மெதுவாகச் சொன்னான். "தூக்கத்துல ஏதோ பாடுவான், தாத்தா. வாயத் தெறக்காம."

மூவரும் போய்விட்டார்கள். ஓடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

நான் உள்ளே போனேன். போகாமல் என்ன செய்வது? இருட்ட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு.

"எய்ந்திரு," என்றேன்.

ம்ம்ம்... ம்ம்... ம்ம்ம்...

பாட்டு. எங்கோ கேட்ட பாட்டு.

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

பாயின் முனையைப் பிடித்து இழுத்தேன். கனத்தது. ஒரு ஆளின் கனம். இழுத்தேன். பாட்டு நிற்கவில்லை.

பாய் வாசற்படி தாண்டியது.

கனம் போய்விட்டது.

பாயில் வெறும் போர்வை.

பாட்டு... உள்ளேயே கேட்டது.

கதவைப் பூட்டினேன். சாவியைப் பாப்பம்மாளிடம் கொடுத்தேன். காலி என்றேன். பயம் கூட வரவில்லை.

மறுநாள் மேளம், மாலை, கூட்டம். தாண்டவராயன் ரிப்பன் வெட்டினார். தன் போட்டோவை அவர் பார்க்கவே இல்லை. நேராகச் சுவர் ஓரத்துக்குப் போய் நின்றார். கூட்டம் சாப்பாட்டுப் பந்தலுக்கு நகர்ந்தபோது என்னை அருகில் அழைத்தார்.

"இங்க ஒருத்தர் படுத்திருப்பாரே?"

அவரே சொன்னார்.

"நான் முதல்ல போட்ட பாட்டு, அவர் முனகினதுதான். அப்பா அவரை அம்மா வழிச் சொந்தம்னு நெனச்சுக்கிட்டிருந்தார். அம்மா, அப்பா வழின்னு. ஒரு நாள் பேச்சுவாக்குல ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டாங்க. அன்னிக்கே ஊரை விட்டுப் போயிட்டோம்."

வேலை எனக்குத்தான் கிடைத்தது. படுக்கை பின்கட்டில்.

போன மாதம் வீட்டைப் பார்க்க வந்த ஒரு அம்மா, வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள், உள்ளே தூங்குவது என் பிள்ளையா என்று.

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

ஆமாம் என்றேன்.