மச்சாளின் சின்னக் கோப்பை

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுத்தும் கோணல், மறதியும் கூட. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

நீல விளிம்பு வைத்த எனாமல் கோப்பை ஒன்று கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற அளவுதான் அது. எழுபதுகளின் கடைசியில் நான் உருத்திரபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபோது, என் கணவரின் தங்கைக்கு, அதாவது என் மச்சாளுக்கு, அதில்தான் சோறு போட வேண்டும் என்று மாமி சொல்லிவிட்டார். மல்லாவியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் "பிள்ளை கொஞ்சம் மொத்தம்" என்று எழுந்து போன கிழமையில் தொடங்கிய கட்டளை அது. உடம்பு வற்றினால்தான் அடுத்த சம்பந்தமாம்.

சோறு போட்டவள் நான். என் கணவர் மாமியைப் போல ஈர்க்குக் குச்சி. பெரிய கோப்பையில் மூன்று தரம் வாங்கிச் சாப்பிடுவார். மாமா மலை போன்றவர். அவர் வரம்பில் நடந்தால், "மனுசன் என்ன செழிப்பு!" என்பார்கள். அதே தோளும் அதே கெண்டைக்காலும்தான் மச்சாளுக்கு. அவள் நடந்தால், "நெல்லு மூட்டை வருது, வண்டிலைப் பூட்டுங்கோ" என்று சிரிப்பு. அரை வயிற்றோடு களை பிடுங்கியும் உடம்பு இறங்கவில்லை.

மாமி என்னைப் பிடித்தார். "நீ ஒளிச்சுக் குடுக்கிறியோ?"

"இல்லை மாமி, சத்தியமாய்."

"அப்ப காத்தைக் குடிச்சோ கொழுக்கிறாள்?"

அன்றைக்குத்தான் மச்சாள் வாய் திறந்தாள். "அம்மா, மொட்டைக்கறுப்பனை விதைச்சுப்போட்டு வேற நெல்லு விளையேல்லையெண்டு வயலைப் பட்டினி போடுவியளோ? நான் அப்பான்ரை விதை."

மாமா குனிந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். விதைநெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தே இனம் சொல்லுகிற ஊருக்கு இது மட்டும் ஏன் விளங்கவில்லை? இன்றைக்கும் எனக்கு எரிச்சல் ஆறவில்லை.

நெல் அரிவு வெட்டு நேரம் மச்சாள் வெயிலில் மயங்கி விழுந்தாள். தூக்கியவர்களும் பாரத்தைப் பற்றித்தான் கதைத்தார்கள். கடைசிவரை அவள் மெலியவில்லை, சிரிப்புத்தான் மெலிந்தது. சம்பந்தமும் வரவில்லை. அந்த வீட்டிலேயே இருந்து கண்ணை மூடினாள்.

இப்போது என் பேத்திக்கு அவளுடைய தோள். கிளினிக்கில் டொக்டர், "இது பரம்பரையாலும் வரும் அம்மா, பிள்ளையைப் பட்டினி போடாதேங்கோ" என்றார். மருமகளும் பக்கத்தில் நின்று கேட்டவள்தான். வீட்டுக்கு வந்ததும் சின்னப் பிளாஸ்டிக் கோப்பை ஒன்றை மேசையில் வைத்தாள். நான் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். எழும்பிப் போய் அதில் கோழிக்குத் தவிடு குழைத்து வைத்தேன்.

அந்தப் பழைய கோப்பையின் விளிம்பு நீலமா பச்சையா, அவள் மயங்கியது சிறுபோகத்திலா காலபோகத்திலா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அந்த நாள் ஆட்கள் யாராவது இருந்தால் சரிபார்த்துத் திருத்துங்கள். அவள் ஒளித்துச் சாப்பிடவில்லை என்பதை மட்டும் தொட வேண்டாம். சோறு போட்டவள் நான்.