அட்டைப் படத்துக்கு ஒரு படகு

யுத்த காலத்தில் விழுப்புரத்துப் பதிப்பாளர் ஒருவர் என் முதல் நாவலை ஏற்றுக்கொண்டார். எந்த மனு எந்த மேஜையில் தூங்கும் என்று அறிந்த தாலுகா குமாஸ்தா நான். பதிப்பு நடைமுறை மட்டும் தெரியாது.

"அட்டைப் படம் அச்சடிக்கப் புது பிளாக் செய்ய தகடு கெடைக்கலீங்க. எங்கிட்ட படகு பிளாக் ஒண்ணுதான் இருக்குது," என்றார்.

"கதை திண்டிவனம் தாலுகா கச்சேரியில நடக்குது. அதுல படகே கெடையாதுங்களே!"

"அதுக்கென்னா சார்? ஜல்தியா ஒரு படகு வச்சி எழுதிக்கினு வாங்க. இல்லாங்காட்டி சண்டை முடியட்டும்."

அதுவரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. மறுநாளே ஏரியை உடைத்து ஊருக்குள் வெள்ளம் விட்டேன். என் கதாநாயகன் கச்சேரிக்குப் படகில் போனான்.

புத்தகம் வந்தது. அட்டையில் என் பெயரைவிடப் படகு பெரிதாக இருந்தது. முதல் புத்தகக்காரன் அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. எனக்குப் பரம சந்தோஷம்.