ஸ்பூன் அண்ணன் வளர்த்த சிலந்தி

மருத்துவமனையில் அவருக்கு ஸ்பூன் அண்ணன் என்று பெயர். முப்பத்தோரு வருஷம் வார்டு உதவியாளராக இருந்தவர். விரிப்பு மாற்றுவது, சக்கர நாற்காலி தள்ளுவது என்று எல்லா வேலையும் செய்தாலும் அவர் பேர் வாங்கியது ஊட்டுவதில்தான். சாப்பிட மாட்டேன் என்று வாயை இறுக்கிக்கொள்ளும் நோயாளி யாராவது இருந்தால் நர்ஸ்கள் இவரைக் கூப்பிடுவார்கள். கிண்ணத்தோடு கட்டிலோரம் உட்காருவார். கரண்டி நுனியால் கீழுதட்டை மெல்லத் தொடுவார். நோயாளி ஏதோ சொல்ல வாயெடுப்பார். அவ்வளவுதான், கரண்டி உள்ளே போயிருக்கும். கிண்ணம் காலியாகாமல் அவர் எழுந்ததாகச் சரித்திரமே கிடையாது.

ஓய்வு பெற்று மூன்று வாரம் ஆகியிருந்தது. மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்குப் போவார், ஜன்னலுக்கு வருவார், காலி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி கழுவுவார். முன்னறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் வாய்க்கு நேராக மணிக்கொருதரம் ஆரஞ்சுச் சுளை நீளும். விலாசம் கேட்க வந்த கூரியர்காரரைக்கூட ரெண்டு பிஸ்கட் தின்ன வைத்துத்தான் அனுப்பினார். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு மகளுக்கு போன் போட்டாள்.

"உங்கப்பாவுக்கு ஏதாவது வழி பண்ணுடி. தைக்கக் கொடுத்த துணியெல்லாம் பழச்சாறா இருக்கு."

மகள் வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடையில் வேலை செய்கிறாள். கடைக்குப் பக்கத்திலேயே தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவள். ஞாயிற்றுக்கிழமை வரும்போது ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே நார்த்தூள் பரப்பி, ஓரமாக ஒரு வளைந்த மரப்பட்டை, தண்ணீர் ஊற்றிய ஒரு சின்ன மூடி. பட்டையின் நிழலில் உள்ளங்கை அகலத்துக்கு, உடம்பெல்லாம் ரோமத்தோடு ஒரு சிலந்தி. டரான்டுலாவாம். வாங்கிப்போன ஆள், 'நானா, சிலந்தியா?' என்று மனைவி கேட்டதும் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டானாம். அப்படிக் கேட்கத் தைரியமில்லாத தன் அம்மாவை நினைத்து மகள் சிரித்துக்கொண்டாள்.

"அப்பா, இதோட அழகே, ஒண்ணும் செய்ய வேண்டாங்கிறதுதான். வாரத்துக்கு ஒரு பூச்சி. சாப்பிடலைன்னா மறுநாளே வெளிய எடுத்துடுங்க. இடம் புதுசு, பழகறதுக்கு நாளாகும். சும்மா விட்டாப் போதும்."

ராத்திரியெல்லாம் கிறீச்சிடுமே, அந்தச் சுவர்க்கோழிப் பூச்சிகள் இருபதை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். பூச்சியைப் பிடித்துப் போட முழ நீளத்துக்கு ஓர் இடுக்கியும் தந்தாள். ஸ்பூன் அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் காதில் ஏறியது 'சாப்பிடலைன்னா' என்கிற ஒரே வார்த்தை.

முதல் பூச்சியை அன்றைக்கே போட்டார். சிலந்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூச்சி அதன் முன்னால் நடைபோட்டது, தண்ணீர் மூடியில் ஏறி இறங்கியது. இவர் பெட்டிக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் இருபது தடவை எட்டிப் பார்த்திருப்பார். அவர் பணிக்காலத்தில் முதல் வேளையே இப்படி முகத்தைத் திருப்பிய ஆள் யாரும் இல்லை. ரோஷமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை வித்தையை இறக்கினார். இன்னொரு பூச்சியை இடுக்கியில் பிடித்து, சிலந்தியின் முகத்துக்கு நேரே கொண்டுபோய், மெல்ல, மிக மெல்லத் தொட்டார். சட்டென்று அது முன்கால்களைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தது. அடியில் ரெண்டு கறுத்த பற்கள் விரிந்தன.

"பாரு, பாரு! வாயைத் திறக்குது!"

மனைவி கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னாள். "எனக்கென்னவோ அது அடிக்க வர்ற மாதிரி இருக்குங்க."

"உனக்குத் தையல் தெரியும். ஊட்டறது எனக்குத் தெரியும்."

சிலந்தி பின்காலால் முதுகைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டது. அது உதிர்த்த ரோமம் பட்டு இவர் மணிக்கட்டில் அரிப்பு கிளம்பியது. வியர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டுக்கொண்டார். எதிரில் இருக்கிற ஜீவன் நாலு விதத்தில் வேண்டாம் என்கிறது. மனிதருக்கு உறைத்தால்தானே! புதன்கிழமை மூன்றாவது பூச்சியையும் உள்ளே விட்டார். பசிக்கிறபோது எடுத்துக்கொள்ளட்டுமே என்று பழையவற்றையும் எடுக்கவில்லை.

மகளுக்கு போன் போட்டார். "நாலு நாளா பட்டினிம்மா."

"அது மாசக்கணக்குல சாப்பிடாம இருக்கும்ப்பா. போட்ட பூச்சியை எடுத்துட்டீங்கல்ல?"

"ம்" என்றார். கூசாமல்தான் சொன்னார், ஆனால் போனை வைத்த பிறகு வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடப்பது இன்னும் கூடிப்போனது.

வியாழக்கிழமை காலை பல் துலக்கிவிட்டு வந்து பார்த்தவருக்கு உயிரே போய்விட்டது. சிலந்தி மல்லாந்து கிடந்தது. எட்டுக் காலும் மேலே. மகளை போனில் கூப்பிட்டார்.

"போயிடுச்சும்மா. பசியிலயே போயிடுச்சு. திருப்பிப் போட்டுப் பாக்கட்டுமா?"

"தொடாதீங்கப்பா! அது சாகல, தோல் உரிக்குது. உரிக்கிறதுக்கு முன்னாடி எதுவும் சாப்பிடாது, இப்படித்தான் மல்லாந்துக்கும். இப்ப உடம்பெல்லாம் வெண்ணெய் மாதிரி இருக்கும். அப்பா, உள்ள பூச்சி ஏதும் இல்லையே?"

"அது வந்தும்மா..." என்று இழுத்தார்.

"எத்தனை?"

"மூணு."

"கடவுளே! அதால அசைய முடியாதுப்பா. பூச்சி அதை உயிரோட கடிச்சுத் தின்னுடும். பெட்டியை ஆட்டாம உடனே எடுங்க. நான் லீவு சொல்லிட்டு வரேன்."

அவர் இடுக்கியை எடுத்தார். அதுவரை அந்தப் பெட்டிக்கு நாலடி தூரத்தில்கூட நிற்காத மனைவி வந்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தாள். தண்ணீர் மூடிக்குப் பக்கத்தில் ஒன்று. மூலையில் ஒன்று. மூன்றாவதைக் காணோம். அவள்தான் கண்டுபிடித்தாள். சிலந்தியின் பின்காலில் உட்கார்ந்து கருமமே கண்ணாகக் கடித்துக்கொண்டிருந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை எடுத்தார். கடித்த இடத்தில் நிறமில்லாத ஒரு சொட்டு துளிர்த்து நின்றது.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் அவருக்குப் பெரிய தண்டனை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். பிழைக்குமா, பிழைக்காதா என்று மனைவியிடம் நாலு தடவை கேட்டார். அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? உச்சி வெயில் நேரத்துக்குத்தான் பழைய தோல் விரிந்தது. அங்குலம் அங்குலமாக, ஈரமாக, வெளிறிப்போய் அது வெளியே வந்தது. பூச்சி கடித்த அந்தப் பின்கால் மட்டும் பழைய தோலுக்குள்ளேயே தங்கிவிட்டது. ஏழு காலோடு படுத்திருந்ததை வந்து பார்த்த மகள், பிழைச்சுக்கும் என்றாள். அடுத்த தடவை தோல் உரிக்கும்போது காலும் வளருமாம். பத்து நாளைக்கு எதுவும் போடக் கூடாது என்று சொல்லி, பூச்சி டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை.

திட்டியிருக்கலாம். அவர், மனைவி தைத்துக்கொண்டிருந்த மெஷினுக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"வேலையில கடைசி வாரம். ஏழாம் கட்டில்ல ஒரு வாத்தியார். வேண்டாம் வேண்டாம்னு தலையாட்டினார். நான் மூக்கைப் பிடிச்சேன். மூச்சு விட வாயைத் திறந்தார், ஊட்டிட்டேன். புரையேறிடுச்சு. மறுநாள் ஐசியூவுக்குக் கொண்டு போனாங்க. அப்புறம் என்ன ஆனார்னு நான் கேக்கவே இல்ல."

மெஷின் நின்றது.

"எனக்கும் மூக்கைத்தான் பிடிச்சீங்க" என்றாள் மனைவி.

"எப்ப?"

"ரெண்டாவது குழந்தை வயித்துலயே போச்சே, அப்ப. எனக்குப் பசிக்கல. அழணும் போல இருந்துச்சு. நீங்க மூணு வேளையும் கிண்ணத்தோட வந்து உக்காந்துட்டீங்க. வாய் நிறைய சோத்தை வெச்சுக்கிட்டு எப்படிங்க அழுறது?"

'நான் மட்டும் ஊட்டியிருக்கலைன்னா இவ பிழைச்சிருக்கவே மாட்டா' என்று இருபத்தாறு வருஷமாக அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிவருகிற கதை அது. ஒவ்வொரு தடவையும் அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறாள்.

இப்போது அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஒரு டம்ளர் தண்ணீராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று அவருக்குக் கை பரபரத்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, அவள் அழுது முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார்.